உங்களைப் போன்ற நூறு பேர்

இன்னும் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டுமாம். ஏற்கெனவே ஐந்து குடித்தாயிற்று. அந்த சிஸ்டர், செல்வமேரி என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறாள்: "அய்யா, லேசா வர்ற மாதிரி இருக்குன்னு எந்திரிச்சு வந்துராதீங்க. நல்லா முட்டிக்கிட்டு வரணும். அப்பத்தான் ஸ்கேன்ல தெளிவாத் தெரியும். வந்ததும் கையத் தூக்குங்க." ஐம்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் கையைத் தூக்க வேண்டும். நல்லது. மதுரையில் இந்த வெயிலில் பதினொரு மணிக்கு ஏசி அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் இருக்கிறோம், எல்லோரும் ஆண்கள், எல்லோர் கையிலும் டம்ளர். மூலையில் உள்ள தண்ணீர் கேன் அவ்வப்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் விடுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்க்கிறோம், பிறகு ஒரே நேரத்தில் குனிந்துகொள்கிறோம். எதிர்ச்சுவரில் கழிப்பறைக் கதவு. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கப் பார்வை அங்கேயே போகிறது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், நெற்றி உயரத்தில், ஒரு கறுப்பு இருக்கிறது. ஈரம் ஊறிய கறுப்பாக இருக்கும். வேறு எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. நான் மடியில் உள்ள காகிதத்தைப் பார்க்கிறேன், அதையும் பார்க்கக் கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

மூன்றாம் பக்கம். நூறு மனிதர்கள் பத்து வரிசையாக நிற்கிறார்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு தடி, முகம் கிடையாது. அங்கங்கே இருபத்தொரு பேர் ஆரஞ்சு நிறம், மற்றவர்கள் சாம்பல். மேலே இங்கிலீஷில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால், உங்களைப் போன்ற நூறு பேரில் இருபத்தொரு பேருக்கு வாழ்நாளில் மூத்திரப்பை வாசலில் உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வரும். சாதாரணமாகப் பன்னிரண்டு பேருக்குத்தானாம். எல்லாம் என் மகன் ஏகப்பன் பார்த்த வேலை. பெங்களூரில் இருந்துகொண்டு ஒரு பெட்டி அனுப்பினான், அதில் ஒரு கண்ணாடிக் குழாய். "ஒண்ணுமில்லப்பா, துப்பி அனுப்புங்க, அவ்வளவுதான். என் ஆபீஸ்ல எல்லாரும் அவங்க அப்பாவுக்குப் பண்றாங்க." துப்பினேன். ஒரு குழாய் நிரம்பத் துப்புவது லேசுப்பட்ட காரியமில்லை, வாய் வறண்டு போயிற்று, என் மனைவி தெய்வானை புளியைக் காட்டு காட்டு என்று காட்டினாள். ஆறு வாரத்தில் இது வந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்தேன். கடைக்காரப் பெண் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தேர்தல் கணிப்பா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். என்னைப் போன்ற நூறு பேர். யார் இவர்கள்? எந்த ஊர்? அடியில் எறும்பு எழுத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. இந்த ஒப்பீடு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்டது. அப்படியென்றால் இந்த நூறு பேரும் வெள்ளைக்காரர்கள். எனக்குப் பதிலாக வந்து நிற்கிறார்கள். குளிர்தேசத்தில் எங்கோ துப்பிவிட்டுப் போனவர்கள், பலர் இந்நேரம் செத்தும் போயிருப்பார்கள், தேவகோட்டை சாத்தப்பனுக்காக வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், நிற்கிறார்கள். முகம் இல்லாததால் அவர்கள் என்னைப் பார்க்கிறார்களா, முதுகைக் காட்டி நிற்கிறார்களா என்பது தெரியவில்லை. முதுகைத்தான் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

டாக்டர் பெனிட்டா போன வாரம் இதைப் பார்த்தார். சின்னப் பெண்தான், நாற்பதுகூட இருக்காது, இந்த நோய்க்கு ஒரு பெண்ணிடம் போவதா என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். அவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "சார், இந்த மரபணு ஸ்கோர் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஆளுங்கள வெச்சுப் போட்ட கணக்கு இல்ல. அவங்க ஊர்ல சரியாச் சொல்றது, ஆப்பிரிக்க வம்சத்துக்காரங்களுக்குப் போட்டா தப்பாப் போகுது. நமக்கு எவ்வளவு பொருந்தும்னு இன்னும் யாரும் முழுசாப் பார்க்கல. கூடவும் சொல்லியிருக்கலாம், குறைச்சும் சொல்லியிருக்கலாம்." அப்போது நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். யாருடைய சட்டையையோ எனக்குப் போட்டுப் பார்த்து இறுக்கமா தொளதொளப்பா என்று சொல்ல முடியவில்லையாம். அவர் சிரிக்கவில்லை. "ரத்தத்துல பார்த்த பி.எஸ்.ஏ. அளவு நாலரை. அதுவும் ரெண்டுங்கெட்டான். இந்த மாதிரி நேரத்துல நான் நம்புறது குடும்ப வரலாறுதான். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்திருந்தா உடனே பயாப்சி பண்ணச் சொல்லிருவேன்." ஃபாரத்தைப் புரட்டினார். "உங்களுக்கு அப்பா எண்பத்தேழு வயசு, வயோதிகம். கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. நல்ல விஷயம். ஒரு ஸ்கேன் மட்டும் பார்த்துட்டு ஆறு மாசம் பொறுப்போம், சரியா?" சரி என்றேன். சரி என்று சொன்ன வாயைத்தான் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே ஊசி போட்டுச் சதை எடுப்பதா, ஆறு மாதம் உள்ளே என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று விடுவதா, எல்லாம் அந்த ஃபாரத்தின் ஒன்பதாம் கேள்வியில் இருக்கிறது. தந்தை பெயர், உயிருடன் உள்ளாரா, இல்லையெனில் வயது, காரணம். நான் எழுதினது பொய் இல்லை. பொய்தான். இல்லை, பொய் இல்லை. கை தானாக எழுதிற்று.

இதை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவன் நான். அதே கேள்வியை எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். "அண்ணே, அப்பாவுக்குப் புத்துன்னு எழுதாதீங்க, மேலிடத்துல ஆயிரம் கேள்வி கேப்பாக. வயோதிகம்னு போடுங்க. பொய்யா? வயசாகித்தானே செத்தாக." எல்லோரும் தலையாட்டுவார்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை எத்தனை அப்பன்களை நான் வயோதிகத்தில் சாக விட்டிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கால் மேல் கால் போட்டு, எடுத்து, மறுபடி போடுகிறார். அவருக்கு வந்துவிட்டது. கையைத் தூக்க வெட்கப்படுகிறார். எனக்கு இன்னும் வரவில்லை, அடியில் ஒரு கனம் மட்டும் இருக்கிறது. ஆறாவது டம்ளர். தண்ணீரில் ஏதோ வாசனை, பிளாஸ்டிக் வாசனையாக இருக்கும். மஞ்சள் வாசனை வர நியாயமில்லை.

வெள்ளிச் செம்பு. ஒன்பது வயது எனக்கு. எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பிள்ளையில்லாத வீட்டுக்காரர்கள் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொள்வார்கள், பிள்ளை கூட்டுவது என்றே அதற்குப் பெயர். இரண்டு தெரு தள்ளி ஏகப்பன், விசாலாட்சி தம்பதிக்குப் பிள்ளையில்லை. என்னைப் பெற்ற நாகப்பன் வீட்டில் இரண்டு பேர். அண்ணன் பெரியகருப்பன் மூத்தவன், அவனைக் கொடுக்க மாட்டார்கள். என்னைக் கொடுத்தார்கள். ஊரே கூடியிருந்த வளவு முற்றத்தில் மஞ்சள் நீரைச் செம்பில் கரைத்து வைத்திருந்தார்கள். விசாலாட்சி ஆத்தா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அந்தச் செம்பை என் வாயில் வைத்தார்கள். "குடிப்பா, பூராவும் குடிச்சிரணும்." குடித்தேன். கடைசியில் கசந்தது. அதோடு நான் அவர்கள் வயிற்றுப் பிள்ளை. கூட்டத்தில் யாரோ குனிந்து காதில் சொன்னார்கள்: "இன்னமே இவுகதான் ஆத்தா, இவுகதான் அப்பச்சி. அங்கிட்டு இருக்காகல்ல, அவுக பெரியப்பச்சி, பெரியாத்தா. வாய் தவறிக்கூட மாத்திச் சொல்லிறக் கூடாது, என்ன?" அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா, ஒரு செம்புத் தண்ணீரில் அப்பன் மாறிவிட்டார். நல்ல அப்பச்சிதான் ஏகப்பன், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர், அவர் பெயரைத்தான் என் மகனுக்கு விட்டிருக்கிறேன். கடைசி நாள் காலையில்கூடத் தானே எழுந்து நடந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவர். அவர் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அந்த உடம்பில் ஒரு துளியும் எனக்குள் கிடையாது. மஞ்சள் நீர் எல்லாவற்றையும் மாற்றிற்று, பெயரை, வீட்டை, முதலெழுத்தை, யார் செத்தால் யாருக்குத் தீட்டு என்பதை. எச்சிலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் நாகப்பன் இருந்திருக்கிறார், கடல் தாண்டி எந்த ஊரிலோ ஒரு மெஷினுக்குள் போய், நான்தான் இவன் அப்பன் என்று தமிழ் தெரியாத ஊரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

காலையில் விசாலாட்சி ஆத்தா கேட்டார்கள், எண்பத்தைந்து வயதில் வாசற்படி வரைக்கும் வந்து: "எங்கப்பா கிளம்பிட்ட?" சும்மா ஒரு ஸ்கேன், ஆத்தா. "உனக்கென்னப்பா, உங்க அப்பச்சி மாதிரி எண்பத்தேழு இருப்ப." செருப்பை மாட்டுவதுபோல் குனிந்து நின்றேன். தெய்வானை பின்னால் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். போன வாரம் ஃபாரத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். "பெரியமாமாவைப் பத்திச் சொல்லலையா?" நாகப்பனைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தும் எந்த மாமா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "நீங்க யார் வீட்டுப் பிள்ளைன்னு ஊருக்குத் தெரியும். ரத்தத்துக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு சோற்றைப் போட்டாள். அவள்தான் வீட்டுச் சுவரில் உள்ள கறையையும் முதலில் பார்த்தவள். "என்னங்க இது, பாத்ரூம் சுவத்துல இந்த உயரத்துல கை அடையாளம்? தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறேன், போகவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். டைல்ஸுக்கு மேலே, பெயிண்ட் அடித்த இடத்தில், ஐந்து விரலும் விரிந்த ஒரு கை. எண்ணெய்க் கறுப்பு. நான் அப்படி ஊன்றி நிற்பது எனக்கே தெரியாது. எத்தனை மாதமாக நிற்கிறேன்? அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், இந்த வீடு கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். என் கையை அதன் மேல் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தேவகோட்டையில், நாகப்பன் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் இருந்தது அது. சுண்ணாம்புச் சுவர், வருடா வருடம் வெள்ளையடிப்பார்கள், இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடும். அவர் ஒன்றுக்கு அங்கேதான் போவார். இடது கையைச் சுவரில் ஊன்றி, நெற்றியை முழங்கையில் சாய்த்துக்கொண்டு நிற்பார். ரொம்ப நேரம் நிற்பார். சுவருக்குள் யாரோ பேசுவதைக் கேட்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிள்ளை கூட்டிப் பத்து நாள் இருக்கும், மத்தியானம் எல்லோரும் கண் அசந்த நேரம், அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். பின்கட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். அப்பச்சி என்றேன். திரும்பவில்லை. அப்பச்சி, அப்பச்சி. தோள்கூட அசையவில்லை. வெயில் முதுகில் அடித்தது, அவருடைய வேட்டி நுனி காற்றில் ஆடிற்று, அது ஒன்றுதான் ஆடிற்று. எனக்கு விளங்கிவிட்டது. மாற்றிச் சொல்லிவிட்டேன். இனிமேல் அந்தப் பெயரில் கூப்பிட்டால் இந்த மனிதருக்குக் காதே கேட்காது. கொஞ்ச நேரம் நின்றேன், எச்சிலை விழுங்கிக்கொண்டு பெரியப்பச்சி என்றேன். அவர் திரும்பினார். வேட்டியைச் சரிசெய்தபடி, "என்னப்பா, ஆத்தா தேடுவாகல்ல, வீட்டுக்குப் போ" என்றார். முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன், திரும்பின முகத்தில் கண், மூக்கு எதுவும் இல்லை, ஒரு வட்டம்தான். அன்றைக்கு விட்ட வார்த்தையை அவருக்கு நான் மறுபடி சொன்னதே இல்லை. பத்து வருடம் கழித்து அறுபத்தோரு வயதில் அவர் செத்தார், இடுப்பு எலும்பு நொறுங்கிற வலியில். வாதம் என்று வெளியே சொன்னார்கள். மூத்திரப்பை வாசலில் தொடங்கின புற்று எலும்புக்கு ஏறினது என்று பெரியாஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததை அண்ணன் எனக்கு மட்டும் காட்டினான். காரியத்தில் அண்ணன் மொட்டையடித்துக்கொண்டான். நாவிதர் என்னைப் பார்த்து, நீங்க, என்று கத்தியை எடுத்தார். "அவுக பங்காளி வீட்டுப் பிள்ளை" என்று யாரோ சொன்னார்கள், கத்தி கீழே போயிற்று. தலை நிறைய முடியோடு நின்றேன். அந்த முடி எனக்கு அன்றைக்குக் கனத்தது.

கட்டம் போட்ட சட்டைக்காரர் கையைத் தூக்கிவிட்டார். பத்துப் பேர் பாக்கி. ஏழாவது டம்ளரை வாயில் வைக்கும்போது விளிம்பில் வழிந்து, ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்துவிட்டது. எட்டாவது வரிசை. ஜெராக்ஸ் கடை மையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, ஆரஞ்சு கரைந்து பக்கத்தில் நின்ற சாம்பல்காரன் மேல் ஏறுகிறது. வேட்டியால் ஒற்றினேன், இன்னும் பரவுகிறது. இருபத்திரண்டு. இப்போது அந்த இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ஒருவர் பின்கட்டில் நின்ற அவர். இன்னொருவன் யார் என்று எனக்குத் தெரியும். போன தை மாதம் காரைக்குடிக் கல்யாணத்தில், கை கழுவுகிற இடத்தில், பெரியகருப்பன் பக்கத்தில் வந்து நின்றான். அதற்கு முந்தின வருடம் கோயம்புத்தூரில் ஏதோ ஆபரேஷன், ஹெர்னியா என்று சொன்னார்கள். உடம்பு பாதியாகிவிட்டது. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்: "சாத்தப்பா, உனக்கு எப்படி, தாராளமாப் போகுதா?" எனக்கென்ன என்றேன். "ஒருக்கா போய்ப் பார்த்துக்கயேன். சும்மாதான் சொல்றேன்." அவன் கண் நிறைந்திருந்தது. தம்பி என்று கூப்பிட்டிருந்தால் கேட்டிருப்பேனோ? அவனும் செம்பை மறக்கவில்லை. பங்காளியிடம் ஒரு பங்காளி எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்லிவிட்டு, குழாயை மூடாமல் போய்விட்டான். மூன்றாவதாக ஒருத்தன் மேலும் நிறம் ஏறப் பார்க்கிறது, பக்கத்து வரிசை, கீழே நிற்கிறவன். காகிதத்தைச் சாய்த்தால் அந்தப் பக்கம் ஓடுகிறது, நிமிர்த்தினால் இந்தப் பக்கம். கீழே நிற்கிறவன் கொஞ்சம் சின்னவனாகத் தெரிகிறான். இருபத்தேழு வயது. பெங்களூர். ஆபீஸில் எல்லோரும் அவரவர் அப்பாவுக்குப் பண்ணுகிறார்கள். டேய் ஏகா, நீ ஏண்டா அங்கே நிற்கிறாய், உன் பெயர் வேறு, நீ எண்பத்தேழு வயது மனிதரின் பேரனடா, தள்ளிப் போ. பயமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் ஒன்பது ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வந்துவிட்டது. திடீரென்று, அடைத்துக்கொண்டு. கையைத் தூக்குகிறேன்.

படுக்கையில் மல்லாந்து கிடக்கிறேன். அடிவயிற்றில் பசை, சில்லென்று. ஸ்கேன் எடுக்கிற பையன் வாய்க்குள் எண்களைச் சொல்கிறான், செல்வமேரி எழுதுகிறாள். அழுத்துகிறான், உயிர் போகிறது. திரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன், பாருங்க என்றான். சாம்பல் நிறத்தில் ஒரு இருட்டு, இருட்டுக்குள் குனிந்த தோள்போல் ஒன்று, யாரோ முதுகைக் காட்டி நிற்பதாக இருந்தது. "இதுதான் வீங்கியிருக்கு, வயசுக்கு உள்ளதுதான். மத்தது டாக்டர் சொல்வாங்க. இப்பப் போயிட்டு வந்துருங்க சார், உள்ள மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கணும்." ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு. கிட்டத்தில் பார்த்தால் ஈரம் இல்லை, கை. ஒருவருடைய கை இல்லை, எத்தனையோ பேர் காத்துக்கொண்டு நிற்கும்போது ஊன்றின கை, ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளே போனேன். உள்ளேயும் இருந்தது, பீங்கானுக்கு மேலே, நெற்றி உயரத்தில். இந்தத் தடவை கையை அதன் மேல் வைத்தேன். விரலுக்கு விரல் பொருந்திற்று. நெற்றி தானாக முழங்கையில் போய்ச் சாய்ந்தது.

வரவில்லை. ஏழு டம்ளர் தண்ணீர் வயிற்றை உடைக்கிறது, வாசலில் வந்து நிற்கிறது, வரவில்லை. மூச்சை விட்டேன். எண்ணினேன். ஒரு சொட்டு. நின்றுவிட்டது. இப்போது யாராவது தொட்டால்கூட இதுவும் போய்விடும், தொண்டையைச் செருமினால்கூடப் போய்விடும், உடம்பு முழுக்க அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். "அய்யா, சாத்தப்பன் அய்யா." பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், மெல்லிய நூலாக வரத் தொடங்கினது அறுந்துவிடும் என்று மூடிக்கொள்கிறேன். "அய்யா? அய்யா, நல்லாருக்கீங்களா?" கேட்கிறது அம்மா. கேட்கிறது. ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது, திரும்ப முடியவில்லை, குரல் கொடுக்க முடியவில்லை, இந்த நூல் அறுந்தால் இனி ஒரு மணி நேரத்துக்கு வராது, கொஞ்சம் பொறு, போய்விடாதே, முடிந்ததும் திரும்புவேன். அப்பச்சி, என்று ஒரு சின்னக் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. அப்பச்சி, அப்பச்சி. வெயில். சுண்ணாம்பு வாசனை. என் தோள் அசையவில்லை. என் தோள் அசையவில்லை!

அப்படியென்றால் அவருக்கும் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. கோபமும் இல்லை, செம்பும் இல்லை, ஊர்க்கட்டுப்பாடும் இல்லை, மனிதர் திரும்ப முடியாமல் நின்றார். ஐம்பத்தொரு வயதில், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, போய்விடாதே போய்விடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு. நான் பெரியப்பச்சி என்ற நேரத்தில் அவருக்கு முடிந்திருக்கிறது, திரும்பினார், அவ்வளவுதான். முடிந்து திரும்பினவர் காதில் கடைசியாக விழுந்தது அந்த வார்த்தை. நாற்பத்தைந்து வருடம். நான் அழுதுகொண்டிருந்தேன், அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கையை எடுத்தபோது சுவரில் ஈரமாக ஐந்து விரல் இருந்தது.

கதவைத் திறந்தேன். செல்வமேரி முகம் வெளிறிப் போயிருந்தது. "என்னங்கய்யா, கூப்பிடக் கூப்பிடப் பதிலே இல்ல, பயந்தே போயிட்டேன்." கேட்டுச்சும்மா, என்றேன். கேட்காம இல்ல. "சரி, வந்து படுங்க." படுக்கிறேன், அதுக்கு முந்தி அந்த ஃபாரத்தை எடுங்க. ஒன்பதாம் கேள்வி. அவள் எடுத்தாள். "அப்பா, ஏகப்பன், எண்பத்தேழு, வயோதிகம். இதுல என்னங்கய்யா?" அது இருக்கட்டும், அதை அடிக்காதீங்க. அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதணும். "கீழ கட்டம் இல்லீங்களே, ஒரு அப்பாவுக்குத்தான் எடம் விட்டிருக்கு." ஓரத்துல எழுதுங்கம்மா. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை ஓரத்துக்குக் கொண்டு போனாள். "யாருங்கய்யா?" வரிசையில் பாக்கி இருந்தவர்கள் டம்ளரும் கையுமாக எங்களையே பார்த்தார்கள். வாய் அந்த வார்த்தைக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது, முதல் தடவை காற்றுத்தான் வந்தது.

"அப்பச்சி" என்றேன். "என் அப்பச்சி. நாகப்பன். அறுபத்தோரு வயசு. இதே நோய்தான்."

அவள் எழுதினாள். இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கி, காகிதத்தின் விளிம்பு வரைக்கும் எழுதினாள். "கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னு போட்டிருக்கே, அது சரிதானே?"

"இல்ல. ஒரு அண்ணன் இருக்காக. கொஞ்சம் இருங்க, அவுகளுக்கு என்ன ஆபரேஷன்னு ஃபோன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்."